மாதாவுக்கு நேர்ந்த மாத்திரை

— முடியாதுன்னா முடியாது அத்தான். மூணு வயசுப் புள்ளைக்கு எதுக்கு ஊசி?

— ரத்தம் மட்டுந்தான் எடுப்பாவ. சித்தி நீ மடியில வச்சுக்கிட்டா அழமாட்டா. செருப்ப மாட்டு விஜிலா. போற வழியில எங்கம்மாட்ட இருந்து பாப்பாவத் தூக்கிக்கிடலாம்.

— காய்ச்சல் உண்டா? வீக்கம் உண்டா? நேத்து ரெண்டு தட்டு புட்டு தின்னா!

— ஒங்கக்கா ஸ்டெபிக்கு லூப்பஸ் இருந்துச்சு. ஒடம்பு தன்னையே அடிச்சுக்கிடுற நோவு. தாய்க்கு அது இருந்தா, புள்ளைக்குக் கேன்சர் வர வாய்ப்பு கூடுதல்னு போட்டிருக்கான்.

— யாரு போட்டிருக்கான்?

— நெட்டுல.

— ஆத்தாடி... ஹார்பர்ல கன்டெய்னர் எண்ணுற மனுசன் டாக்டராயிட்டாரு!

— சிரிக்காத ஏளா.

— அது கொஞ்சூண்டு கூடுதல், அம்புட்டுத்தான். முக்காவாசிப் புள்ளைகளுக்கு ஒண்ணுமே வராது. சும்மா குத்திப் பாக்க வேண்டாம், வித்தியாசமாத் தெரிஞ்சா மட்டும் தூக்கிட்டு வாங்கன்னுதான் சொல்லுவாவ.

— ஒனக்கு எவ சொன்னா?

— ...பொதுவா சொல்லுறதுதான.

— நோவுனால கூடுதா, தாய் தின்ன மாத்திரையாலயா?

— அதத்தான் யாருமே உறுதியாச் சொல்ல மாட்டேங்காவ. அதான பயமே...

— யாருக்குப் பயம்?

— ஒங்களுக்குத்தான். வேற யாருக்கு?

— ஸ்டெபியும் இப்படித்தான் பயந்தா.

— செத்துப்போன அக்காவ எதுக்கு இழுக்குதிய?

— புள்ள உண்டானதும் மாத்திரைய நிறுத்திட்டா. தவக்காலத்துல ஊரே கறி விட்டுச்சு, இவ மாத்திரைய விட்டா. மாதாவுக்கு நேர்ந்திருக்கேன், கேக்காதியன்னா. நானும் கேக்கல.

— பாப்பா நல்லாத்தான பொறந்தா.

— அவளுக்குக் கிட்னி போச்சுல்லா. ஒங்கம்மா இன்னமும் மாதா கூப்பிட்டுக்கிட்டான்னு சொல்லுதாவ. அடக்கம் முடிஞ்சு டாக்டரைப் பாத்தேன். அவ தின்ன மாத்திரையப் புள்ளத்தாச்சியும் திங்கலாமாம். கேக்காம நிறுத்துனதுதான் தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்துன்னாரு.

— இத ஏன் எங்க யாருட்டயும் சொல்லல?

— யாருக்காவச் சொல்ல, அப்ப? இப்பச் சொல்லுதேன்.

— சரி... வெயில் ஏறுது. நீங்க கெளம்புங்க. எனக்குக் கருவாடு பெரட்டணும்.

— முக்காட்ட எடு.

— அத்தான்!

— கோயில்ல போடுறது சரி. வீட்டுக்குள்ள எதுக்கு?

— சளி...

— கன்னத்துல என்ன செவப்பு?

— வெயிலுதான். கருவாடு காயுற எடத்துலயே கெடக்கேன்லா.

— மூக்குத்தண்டுலயும் ரெண்டு கன்னத்துலயும் மட்டும் அடிக்கிற வெயிலா? ஸ்டெபி மொகத்துல நானும் ஒரு வருசம் அத வெயிலுன்னு நம்புனவன்தான்.

— அவிய மாலத்தீவுக்குத் தோணியில போயிருக்காவ. வரட்டும், பேசிக்கிடுவோம்.

— ஒம் புருசன் டெரன்ஸ் தோணி என்னைக்கு வருது?

— வெங்காயம் எறக்கணும், காத்து தோதா இருக்கணும்... சொல்ல முடியாது.

— அதுவரைக்கும் காத்துக்கிட்டிருக்க மாட்டேன். இன்னொரு சவப்பெட்டிக்கு மெழுகுதிரி புடிக்க என்னால ஆவாது.

— வாய மூடுங்க... விளங்காத பேச்சு.

— மூட மாட்டேன். நேத்து எங்க வீட்டுக் கொல்லையில வாந்தி எடுத்தியே, அது புட்டு ஒத்துக்கலயா? சொல்லு ஏளா.

— பாப்பாவுக்கு எத்தன மணிக்கு வரச் சொல்லியிருக்காவ?

— பாப்பாவ வரச் சொல்லல. போன வாரமே கேட்டாச்சு. இப்ப நீ சொன்னதத்தான் டாக்டரும் சொன்னாரு, வார்த்த பெசகாம. நேத்து செவந்த கன்னத்தோட நீ வாந்தி எடுத்தப்பவே எனக்குப் பொறி தட்டுச்சு. இன்னைக்கு ஒனக்குத்தான் நேரம் வாங்கியிருக்கேன்.

— ...கல்யாணத்துக்கு முந்தியே எனக்கும் அதே நோவு அத்தான். அவியளுக்கே தெரியாது. புள்ள உண்டாகி ரெண்டு மாசமா மாத்திர திங்கல... அரிசிப் பானைக்குள்ள கெடக்கு. நில்லுங்க, டாக்டர்ட்டக் காட்ட எடுத்துட்டு வாரேன்.