பதினோராவது ஆள்

வெர்லின்: நிறுத்து ஓடெல்! மேட்ச் வீடியோவை அந்த இடத்துலயே நிறுத்து. உன் பின்வரிசை எங்க? அவங்க ஆளு தன்னந்தனியா நின்னு பந்தைப் பிடிக்கிறான்... சர்ச் வாசல்ல போட்டோவுக்கு நிக்கிற மாதிரி!

ஓடெல்: பின்னாடி ஓட்டு. முதல்ல பந்தை வீசுற அவங்க குவார்ட்டர்பேக்கைப் பாரு. அஞ்சு செகண்டு பந்தைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறான். அவனை விரட்டிச் சாய்க்க வேண்டிய உன் முன்வரிசை நாலு தடியனுங்களும் என்னடா பண்ணாங்க?

வெர்லின்: நாலு இல்ல, மூணு! கடைசி நிமிஷம், அவங்க பதினாலு கெஜம் முன்னேறணும், பந்தைத் தூரமா வீசத்தான் போறான்னு ஊருக்கே தெரியும். அப்போ நான் ஒருத்தனை வெளியே எடுப்பேன், நீ பின்வரிசைக்கு ஒருத்தனை அனுப்புவ. அதானே வழக்கம்?

ஓடெல்: மூணோ நாலோ... முன்னாடி விரட்டினாத்தான் பின்னாடி காக்க முடியும். அஞ்சு செகண்டு யாராலயும் ஒருத்தனை ஒட்டிக்கிட்டே ஓட முடியாது.

வெர்லின்: வீச இடமே இல்லைன்னா அவன் முழிச்சுக்கிட்டு நிப்பான், என் பசங்க போய் சாய்ப்பாங்க! பதினேழு வருஷமா சொல்றேன்.

ஓடெல்: பதினேழு வருஷமா தப்பாவே சொல்ற.

வெர்லின்: வாயை மூடு! தோத்ததுக்கு ஹெட் கோச் வெளியே பசங்களோட பெத்தவங்ககிட்ட திட்டு வாங்கிட்டிருக்கார். உள்ள வந்ததும் யார் மேல தப்புன்னு கேப்பார். ஒருத்தன் வேலை இன்னைக்கே போகும். உன் பேரைத்தான் சொல்லப் போறேன்.

ஓடெல்: சொல்லு.

வெர்லின்: என்னடா 'சொல்லு'? சண்டை போடுடா! ...இரு. இதென்ன? நம்ம ஆளுங்களை எண்ணு.

ஓடெல்: வேணாம் வெர்லின். விடு.

வெர்லின்: எட்டு... ஒன்பது... பத்து. பத்துதான்! பதினொண்ணு இருக்கணுமே! நான் ஒருத்தனை எடுத்தேன், நீ அனுப்பவே இல்ல! மறந்துட்டியா?

ஓடெல்: மறக்கல. போக வேண்டியது உன் மகன் கார்பின். அவன் ஹெல்மெட்டை நான்தான் பிடுங்கி வெச்சேன்.

வெர்லின்: ...என்னது?

ஓடெல்: ஸ்கோர் என்னன்னு மூணு தடவை கேட்டான். பெஞ்சுக்குப் பின்னாடி வாந்தி எடுத்தான். அப்புறமும் 'குடுங்க கோச், அப்பா பாக்குறாரு'ன்னு ஹெல்மெட்டை விடாம இழுக்கிறான். அந்த இழுபறியில அவங்க கடைசி வீச்சை ஆரம்பிச்சிட்டாங்க. வேற ஆளை அனுப்ப நேரமில்ல.

வெர்லின்: என்கிட்ட ஏன்டா சொல்லல?

ஓடெல்: நீ எங்க பேச விட்ட? வந்ததுல இருந்து கத்திக்கிட்டே இருக்க. உன் பொண்டாட்டி அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா, நீ உள்ள வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் எனக்குப் போன் பண்ணா. தலையில எப்ப அடிபட்டுச்சுன்னு டாக்டர் கேக்குறார். அவன் வாயே திறக்கலையாம். ஏன்னு தெரியல.

வெர்லின்: ஆட்டத்தோட ரெண்டாவது கால் பகுதியில... அடிபட்டதும் நேரா என்கிட்டதான் வந்தான். 'அப்பா, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது'ன்னான். யார்கிட்டயும் மூச்சு விடாதே, போய் ஆடுன்னு சொன்னதே நான்தான் ஓடெல்.