ரப்பர் தேயக் கூடாது

இல்ல மச்சான், டாக்டர் இன்னும் வெளிய வரல. ஆபரேஷன் நடந்துட்டு இருக்கு. உக்காருங்க. முந்தாநாள் போன்ல கத்தினது போதாதுன்னு இப்ப நேர்லயும் உங்க தங்கச்சியப் புடிச்சுக் கத்திட்டு வந்திருக்கீங்க, மூச்சு வாங்குது பாருங்க. அவ தரையத் துடைச்சு ஈரமா விட்டுட்டா, அதுல உங்கப்பா வழுக்கி விழுந்தாரு, இடுப்பெலும்பு போச்சு. அதானே உங்க கேஸு? சரி. ஒரு அஞ்சு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க.

என் வேலை என்னன்னு தெரியும்ல? ரப்பர் கம்பெனின்னு பொதுவா சொல்லி வெச்சிருக்கீங்க, கேக்கறவன் நான் பலூன் விக்கிறேன்னு நெனைக்கிறான். பம்புல தண்ணி கசியாம இருக்க ஒரு ரப்பர் வளையம் இருக்கும், சீல்னு பேரு. உள்ள தண்டு சுத்தும், வளையம் அதுமேல உரசிக்கிட்டே இருக்கும். எத்தன நாள் தாங்குதுன்னு மெஷின்ல ஓட்டிப் பாக்கறதுதான் என் பொழப்பு. காஞ்ச ரப்பர அப்படியே ஓட்டினா கீச்சு கீச்சுன்னு கத்தும், சூடேறும், அரை நாள்ல பொடிப்பொடியா உதிரும். மெல்லிசா கிரீஸ் தடவுங்க, சத்தமே இல்லாம வருஷக்கணக்கா ஓடும். அதுக்காக கண்ட எண்ணெயும் ஊத்தக் கூடாது. சில ரப்பர் அதக் குடிச்சுட்டு எங்க சூப்பர்வைசர் மாதிரி ஊதிடும். சிலிக்கான் கிரீஸ்தான் சரி. பதினெட்டு வருஷமா தடவறேன் மச்சான். எங்க எது கீச்சுன்னாலும் கை தானா டப்பாவத் தேடும்.

இப்ப மாமா புடிச்சுட்டு நடக்கற வாக்கருக்கு வாங்க. நாலு கால், வழுக்காம இருக்க காலடியில ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரப்பர் புஷ். தூக்கி வெச்சு நடங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரு. உங்கப்பா கேப்பாரா? தூக்கினா கௌரவம் கொறஞ்சிடும், இழுத்துட்டுதான் போவாரு. விடியறதுக்குள்ள வீடு பூரா கீச்சு. மாசம் ஒரு செட் புஷ் தேயும். ரப்பர் கம்பெனி மாப்பிள்ளையாம், தேயாத ரப்பர் நாலு வாங்கித் தர வக்கில்லன்னு பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட சொல்றாரு, எனக்குக் கேக்கற மாதிரியே. எனக்கும் ரோஷம் இருக்கும்ல?

ஆமா, தடவினேன். நாலு புஷ்ஷுக்கும், அடியில, விரலால நல்லா வழிச்சு. சத்தம் நின்னுடுச்சு. தேயறதும் நின்னுருக்கும். பிடிப்பும் போயிடும்னு எனக்குத் தோணவே இல்ல. கம்பெனியில உரசல்தான் எங்களுக்கு எதிரி. அந்த உரசல்தான் மாமாவ நிக்க வெச்சிட்டிருந்துதுன்னு இந்த மரமண்டைக்கு உறைக்கல. தரை காஞ்சுதான் கெடந்துது மச்சான், நானே தொட்டுப் பாத்தேன். ரப்பருக்கு ஒரு கீறல் இல்ல, வேணும்னா போய்ப் பாருங்க.

அடிக்கணும்னா அடிங்க, வாங்கிக்கறேன், அது சுலபம். ஆனா நீங்க கத்தின கத்துல உங்க தங்கச்சி அவளே நம்பிட்டா. சரியா துடைக்காம விட்டுட்டேனோன்னு ரெண்டு நாளா சாப்பிடாம அழறா. பக்கத்துல உக்காந்து தலையத் தடவி, விடும்மா, யாருக்கும் வர்ற தப்புதானேன்னு அவளுக்கு ஆறுதல் சொல்லிட்டு இருக்கறது யாருன்னு நெனைக்கிறீங்க?