மலரின் எண்ணில் இருந்தவர்கள்

வகுப்பெடுப்பதில் நான் கெட்டிக்காரி. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து காலை ரயில் பிடித்துப் போய், கொட்டாவி விடும் அரசு ஊழியர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டே தரவு நிர்வாகம் சொல்லிக்கொடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. விசாரணை அதிகாரியான நீங்களே ஒரு தடவை என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்க மாட்டேன்.

மருத்துவ உதவி எல்லாம் கைப்பேசி வழியாக மாறியபோது, மேருவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பெயர் பதியும் முகாமை நான்தான் நடத்தினேன். வந்த பெரியவர்களில் பாதிப் பேரிடம் போன் இல்லை. அந்த அடுக்குமாடியில் தையல் கடை வைத்திருக்கும் மலர் அவர்களுக்காக ஓடியாடிக்கொண்டிருந்தாள். "உங்க நம்பரையே எல்லாருக்கும் போட்டுடுங்கக்கா, ஒன்னும் ஆகாது லா," என்றேன். ஆளுக்கொரு எண் வேண்டும் என்பது விதி. ஆனால் வரிசை நீளம், வெயில் வேறு, எனக்கும் பசி. அன்று அதிகம் பேரைப் பதிந்தது என் முகாம்தான், பாராட்டும் கிடைத்தது.

பிறகு தரவுத் தணிக்கைக்கு என்னையே பொறுப்பாக்கினார்கள். ஒரே எண்ணில் பலர் இருந்தால் மோசடி என்று கருதி முடக்கு என்றது புதிய விதி. மலரின் எண் திரையில் வந்தது. அதில் இருந்தவர்கள் எல்லோரும் நிஜ மனிதர்கள் என்று எனக்குத் தெரியும். ஒப்புதல் கொடுத்தேன்.

மற்றவர்களுக்கு நின்றது மாத்திரைச் செலவு, பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். அதே எண்ணில் இருந்த பவுனம்மாள் என்ற மூதாட்டிக்கு நின்றது டயாலிசிஸ்.

மலர் என் அலுவலகத்துக்கே வந்தாள். "அவங்க உயிரோடதான் இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும்தானே மேடம். நீங்க பார்த்த ஆளு," என்றாள் தணிந்த குரலில். ஆன்லைனில் மேல்முறையீடு செய்யச் சொல்லி அனுப்பினேன். அதற்குக் குறுஞ்செய்தியில் வர வேண்டிய குறியெண், முடக்கிய பதிவில் இருக்கும் எண்ணுக்கு வரவே வராது என்பதைச் சொல்லவில்லை.

என் கடவுச்சொல்லைப் போட்டு அந்தப் பதிவை அப்போதே திறந்திருக்கலாம். திறந்தால் யார் திறந்தது, ஏன் திறந்தது என்று அமைப்பில் நிற்கும். முகாமில் நான் சொன்னதும் வெளியே வரும். பதவி உயர்வு நேர்காணல் முடியட்டும், திறந்துவிடலாம் என்றிருந்தேன்.

டயாலிசிஸுக்கு வாரம் மூன்று தடவை போனவர் காசில்லாமல் ஒரு தடவையாகக் குறைத்துக்கொண்டார் என்று மலர் குரல் செய்தி அனுப்பினாள். பிறகு, கால் வீங்கி மூச்சு வாங்குகிறது என்று இன்னொன்று. அதற்குள் பதவி கிடைத்திருந்தது. இப்போது திறந்தால் இத்தனை நாள் ஏன் திறக்கவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் இரக்கமில்லாதவள் இல்லை என்பதற்கு அதையே சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

இழவு வீட்டுக்குப் போனேன். பவுனம்மாளின் மகள் வாணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவர்மெண்டுலேர்ந்து நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க, உஷாராணி மேடம்," என்றாள். கையை உருவிக்கொள்ளவில்லை. மலர் என்னைப் பார்த்தாள்.

வேலைப் பளுவில் கவனிக்காமல் விட்டேன் என்று போன தடவை உங்களிடம் சொன்னேன். அது பொய். பவுனம்மாள் போய்விட்டால் பதிவு தானாக மூடிக்கொள்ளும், அதற்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது செய்தியைக் கேட்டு முடித்ததும் அதைத்தான் நினைத்தேன். நினைத்துவிட்டு, காத்திருந்தேன்.