கதவுக்கு வெளியே நின்ற கோப்ரல்

அவைக்குத் தலைமையேற்று அன்பால் எமை ஆளும் நீக்கிலாப்பிள்ளை ஐயா அவர்களே! முன்வரிசைக்கு முடிசூட்டி வீற்றிருக்கும் மூத்தோரே! மொன்றியல் குளிருக்கு முகம் சுளிக்காது வந்திருக்கும் தாய்மாரே! பிரெஞ்சில் சிரித்து, ஆங்கிலத்தில் சண்டையிட்டு, பசித்தால் மட்டும் தமிழுக்குத் திரும்பும் இளையோரே! உங்கள் அனைவருக்கும் என் சிரம் தாழ்ந்த வணக்கம்.

சுருக்கமாகப் பேசச் சொல்கிறார் பின்வரிசை அண்ணை ஒருவர். பேசலாம் ஐயா, பெருமை சுருங்க மறுக்கிறதே!

இன்று நாம் பாராட்டும் தாட்சாயினி யார்? கிழமை நாட்களில் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை. வார இறுதியில் கனடா இராணுவத்தின் தொண்டர் படையில் கோப்ரல். படையில் அவரை வளர்த்தவர் இதோ மேடையில் இருக்கும் சார்ஜன்ட் திரெம்பிளே. ஒருமுறை பயிற்சியின்போது தாட்சாயினி தன் அணியைக் காட்டுக்குள் பிழையான திசையில் கூட்டிப்போனார். சார்ஜன்ட் அதை அறிவார். வரைபடத்தைப் பறித்தாரா? இல்லை! பரிகசித்தாரா? இல்லை! பின்னாலேயே நடந்தார். தாட்சாயினி தானே பிழையைக் கண்டு, அணியிடம் ஒப்புக்கொண்டு, வழி திருப்பிய பின்புதான், "இப்போது நீ தலைவி" என்றாராம்.

வந்தது இந்த ஆண்டுத் தை மாதம். உறைமழை பொழிந்தது, மின்கம்பங்கள் ஒடிந்தன, மாநகரம் இருண்டது. படையினர் செயின்ட்-மிஷேல் பகுதியில் வீடு வீடாகத் தட்டி, மக்களை வெப்பமான மண்டபங்களுக்கு அழைத்துப் போனார்கள். மூன்றாம் மாடியில் ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. உள்ளே குளிருக்கு மூட்டிய கரியின் புகை மணத்தது; குழந்தை இருமியது. கதவை உடைக்க ஒரு சிப்பாய் முன்வந்தார். சார்ஜன்டோ தாட்சாயினியைப் பார்த்து, முடிவு உன்னுடையது என்று சொல்லி விலகி நின்றார்.

தாட்சாயினி என்ன செய்தார்? வீரர்களைக் கீழ்மாடிக்கு அனுப்பினார். தலைக்கவசத்தைக் கழற்றினார். கதவில் தமிழ்ப் பெயரைக் கண்டு, அருகே போய்த் தமிழில் கதைத்தார்.

"அண்ணை, நான் தாட்சாயினி, யாழ்ப்பாணம் அளவெட்டிப் பிள்ளை. கரிப்புகை பிள்ளையளை நித்திரையிலேயே கொன்றுபோடும்."

உள்ளிருந்தவர் பேரின்பநாதன். "ஆமி தட்டினாக் கதவு திறக்கேலாது, பிள்ளை. ஊரில என்ர தம்பி அப்பிடித் திறந்துதான் போனவன், திரும்பி வரேல்லை."

"ஓம் அண்ணை. எனக்கும் அது தெரியும். என்ர ஆக்களைக் கீழ அனுப்பிப்போட்டன். கையில ஒண்டுமில்லை. நான் தனியத்தான் நிக்கிறன்."

தாழ்ப்பாள் அசைந்தது. கதவு திறந்தது. மயங்கிக் கிடந்த மனைவியையும் தள்ளாடிய பிள்ளைகளையும் அதே வீரர்கள் மேலே ஓடிவந்து தூக்கிச் சென்றார்கள். அனைவரும் பிழைத்தார்கள்!

அன்பர்களே, கதவை உடைக்கத் தோள் போதும். உள்ளிருப்பவரே திறக்க வைப்பதற்குத் தலைமை வேண்டாமா? அந்தத் தலைமை தானாக முளைத்ததா? ஒரு பெண்ணை நம்பி ஒரு சார்ஜன்ட் விலகி நின்றாரே, அங்கே விளைந்தது!

தாட்சாயினி இன்று பதவி உயர்ந்து மாஸ்டர் கோப்ரல்; இளையோர் கடேற் படைக்கும் பயிற்சி கொடுக்கிறார். அதில் சேர விரும்பினாள் பேரின்பநாதனின் மூத்த மகள் நிரோஜினி. தகப்பன் பல நாள் சம்மதம் தர மறுத்தார். இன்று காலை, அவளது சீருடையைத் தன் கையாலேயே மடிப்புக் கலையாமல் மினுக்கி, உடுத்தச் சொல்லி, இந்த மண்டபத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார்.

எழும்பி நில், பிள்ளை. சபை உன்னைப் பார்க்கட்டும்!

செவி தந்த சபைக்கும், இடம் தந்த தலைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.