அறுபத்திரண்டாவது பறவை

பின்லாந்தின் ஒவுலு நகரத்தில் பறவையைக் கண்ணால் பார்க்கிற ஒரே மனிதன் நான். மற்ற எல்லோரும் காதால் பார்க்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, நீங்கள் எழுதிக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் குளிர்காலப் போட்டி டிசம்பர் முதல் தேதி தொடங்கி பிப்ரவரி கடைசி நாளோடு முடியும். நகரைச் சுற்றி அதிக வகைப் பறவைகளைக் கண்டவர் ஜெயித்தவர். பரிசு ஒன்றும் கிடையாது. அதனால்தான் எல்லோரும் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள். குரலை மட்டும் கேட்டாலும் கணக்கில் சேரும் என்பது எங்கள் பறவை நோக்குவோர் சங்கத்தின் விதி. அந்த விதியைக் கிண்டல் செய்து பல்கலைக்கழக இதழில் எழுதினேன். ஹில்க்கா அதை வெட்டி எடுத்துத் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தார். அந்த அம்மா ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வயது அறுபத்து நான்கு. நான்கு வருடமாக அவர்தான் ஜெயிக்கிறார்.

கடைசி நாள் மதியம் இருவரும் அறுபத்தொன்றில் நின்றோம். அவருடையதில் ஒன்பது காதுப் பறவைகள்.

மின்நிலையத்தின் வெந்நீர் வாய்க்கால் உறைவதில்லை. அதன் நாணலுக்குள், இருவர் பட்டியலிலும் இல்லாத ஒரு நீர்க் கானாங்கோழி ஒளிந்திருப்பதாகப் பேச்சு. கரையில் பறவை பார்க்க ஒரு மரக்குடில் உண்டு. தலைகூட நுழையாத சன்னல்கள். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க வெளியே ஒரு தாழ்ப்பாள். நான் போனபோது ஹில்க்கா உள்ளே காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வாடா ஆர்த்து. கண்ணைக் கழுவிட்டு வந்தியா?"

"காதுல விழுந்ததை எல்லாம் எழுதலாம்னா, ரேடியோவுல கூவுற குயிலையும் எழுதிக்கலாமே, ஹில்க்கா."

"நீ முறைச்சுப் பாத்துக்கிட்டே இரு ராசா. நான் கேட்டுட்டு வீட்டுக்குப் போறேன்."

அப்போது என் போனுக்குச் சங்கத்தின் செய்தி வந்தது. துறைமுகத்தில் ஒரு வடதுருவக் கடற்காகம். எங்கள் இருவரிடமும் இல்லாத பறவை. ஹில்க்காவின் போன் குளிரில் செத்துக் கிடந்தது. நான் செய்தியை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை, சத்தமாகப் படித்தேன். என் நேர்மை எப்படிப்பட்டது என்பதற்கு இது ஒரு சின்ன உதாரணம்.

அவர் துள்ளி எழுந்தார். "கிளம்பு, கிளம்பு. சைக்கிள்ல நீ எப்பப் போய்ச் சேருவ? என் கார்லயே வா. பிளாஸ்க்கை மூடிட்டு வர்றேன், இரு."

யோசித்துப் பாருங்கள். சேர்ந்து போனால் இருவருக்கும் அறுபத்திரண்டு. அவர் தனியாகப் போனால் அவருக்கு மட்டும். நான் சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். நான் இங்கேயே நின்று கானாங்கோழியைப் பார்த்து, அவரும் இங்கேயே இருந்துவிட்டால்தான் எனக்கு வழி. வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன். போடுவதற்கு முன் 'உள்ளே யாராவது இருக்கீங்களா?' என்று குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுக்கவில்லை. யார் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

"டேய், விளையாடாத. காப்பி ஆறுது," என்றார்.

இருட்டும் வரைக்கும்தான் என்று நினைத்தேன். அவருடைய கனத்த மேலங்கி காரில் இருந்தது எனக்குத் தெரியும். மைனஸ் இருபத்தேழு என்பதும் தெரியும். கேட்டால் மறுக்க மாட்டேன்.

நூறடி தள்ளி நாணலோரம் உட்கார்ந்தேன். அவர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தத்தில் எந்தப் பறவையும் தலைகாட்டாது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தட்டுவது குறைந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. வெளிச்சம் மங்கியபோது போய்த் திறந்திருக்கலாம். கானாங்கோழி நாணலைவிட்டு வெளியே வரும் நேரம் அதுதான் என்பதால் அசையவில்லை.

பிறகு அந்தக் குரல் கேட்டது. பன்றிக்குட்டியை யாரோ நெரிப்பது போல நீளமாக எழும்பி, கடைசியில் உடைந்தது. கானாங்கோழியின் குரலைப் பறவை நூல்களிலும் ஏறக்குறைய இப்படித்தான் விவரித்திருக்கிறார்கள். ஒரே ஒரு முறைதான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி வருமா என்று கால் மணி நேரம் காத்திருந்தேன். வரவில்லை. குடிலைத் தாண்டித்தான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். உள்ளே அமைதியாக இருந்தது, தொந்தரவு செய்யவில்லை.

அந்தக் குரல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று இந்த விசாரணையில் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். குடில் இருந்த பக்கமிருந்து.

வீட்டுக்கு வந்து விரல்கள் இளகியதும், குறிப்பேட்டில் பென்சிலால் எழுதினேன்: 'அறுபத்திரண்டு. நீர்க் கானாங்கோழி. ஒன்று. குரல் மட்டும்.'