குங்குமம் கருகாத உலை

அன்பு மாறாத முகத்தோடு அவையை ஆள அமர்ந்திருக்கும் கோயில் தலைவர் கனகலிங்கம் ஐயா அவர்களே! முன்வரிசையை முழுதும் நிறைத்திருக்கும் நம் காப்பார் ஊர்ப் பெரியோர்களே! மடியில் மழலையையும் மனத்தில் கவலையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! வேதியியல் ஆசிரியை நிலானியின் வணக்கம்.

நம் பாலர் பள்ளிச் சுவரை ஒட்டிய கோயில் நிலத்தில் ஹைட்ரஜன் ஆலை வரப்போகிறதாம். இன்று நாம் கை தூக்கிச் சம்மதம் சொல்ல வேண்டுமாம். பீங்கான் குழாய் ஒன்றில், எண்ணூறு டிகிரி அனலில், கலவை வாயுவைச் செலுத்தினால் ஹைட்ரஜன் மட்டும் சுவரைக் கடந்து வெளியே வருமாம். பொய்யா? இல்லை! அப்படிப்பட்ட பீங்கான் சவ்வுகள் உலகில் உண்டு. என் சந்தேகம் பீங்கான் மேல் அல்ல. அதைப் பிடித்துக் காட்டிய கை மேல்!

ஆயுத பூசையன்று, ஆலை கட்டப்போகும் நிறுவனத்தின் விமலன் உலையோடு நம் கோயிலுக்கு வந்தார். நம் குமுதா அக்கா, எந்தக் கருவியைக் கண்டாலும் நாம் செய்வதைத்தான் செய்தார். குழாயின் நடுவில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். விமலன் தடுத்தாரா? "வைங்க ஆன்டி, நல்லதுதானே லா" என்று சிரித்தார். குழாய் உலைக்குள் போனது. திரையில் எண்ணூறு டிகிரி! தூய ஹைட்ரஜன்! கைதட்டினோம். உடனே குழாயை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்கள். வரிசையில் நின்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.

என்ன அங்கிள்? "சாமி காரியம் டீச்சர், அதைப் போயி ஏன் லா கிளறுறீங்க" என்கிறீர்களா? கிளறத்தான் வந்தேன்! என் விரலில் குங்குமம் ஒட்டியது, ஐயா! செக்கச் செவேலென்ற குங்குமம்! அலுமினியமே உருகிவிடும் அனலில் ஈரச் சந்தனம் கருகாதா? உங்களில் ஒருவருக்காவது விரல் சுட்டதா? அந்த உலை சூடேறவே இல்லை! அப்படியானால் திரையில் தெரிந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது?

மறுநாள் விமலனிடமே கேட்டேன். "அன்னைக்கு சும்மா டெமோ டீச்சர். ஆலை கட்டுனதும் ஒரிஜினல் பாப்பீங்க" என்றார். கட்டிய பிறகா? ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பொறி போதும். சுவருக்கு இந்தப் பக்கம் மதியத்தில் பாய் விரித்துத் தூங்குவது யார்? நம் பிள்ளைகள்! எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயமாக இருக்கிறது.

உலை மறுபடி வரட்டும். நம் கண்முன்னே கனலட்டும். வேறு ஆய்வாளர்கள் வந்து அளக்கட்டும். பிறகு பேசுவோம்.

விமலன் தம்பி, எழுந்து போகாதீர்கள். உங்களுக்கும் நான்கு வயதில் மகள் இருக்கிறாள். நாளை ஆலை ஓடும்போது, அவளை அந்தப் பாயில் படுக்க வைப்பீர்களா?

விமலன் கைப்பேசியைப் பார்க்கிறார், தலைவர் அவர்களே. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, இன்று என் கையை நான் தூக்கப் போவதில்லை. செவி கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.