அரண்மனைக் கல்லுக்கு மாம்பழம்

"அரமனைல இருந்தா மட்டும் சாமிக்குப் பசிக்காதுங்களா?" என்று முன்சீட்டு அம்மா கேட்டதும் என் தூக்கம் போய்விட்டது. எழுபதுகளில் ஒரு சித்திரை, முதலமடைக்குப் போகும் பஸ். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர். அவர்கள் தோட்டத்துச் சாமிக் கல்லை சர்க்கார் எடுத்துப்போய், மியூசியமாகிவிட்ட பழைய அரண்மனையில் நிறுத்தியிருக்கிறது. வருசா வருசம் முதல் மாம்பழம் அந்தக் கல்லுக்குத்தானாம்; இந்த வருசத்துப் பழத்தை அங்கேயே போய் வைத்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.

"நான் வெளிய செருப்புக்குக் காவல் நின்னனே, உள்ள பழம் வெக்கறப்பக் காவக்காரரு உன்னய வையலியா?"

"வஞ்சாருங்க. அப்பறம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாருங்க."

"செரி, வழிக்குன்னு எடுத்தாந்த இன்னொரு பழத்தக் குடு. பசிக்குது."

"அதப் பக்கத்துக் கல்லுக்கு வெச்சுப்போட்டனுங்க."

"அது யாரூட்டுச் சாமி?"

"தெரியலீங்க. அது பாத்துட்டு நிக்கறப்ப நம்மளுதுக்கு மட்டும் எப்படிங்க வெக்கறது?"

சண்டை வரப்போகிறது என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் கொல்லங்கோடு தாண்டியதும் வீட்டுக்காரர் அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏம்புள்ள, உள்ள இன்னும் எத்தன கல்லு நிக்குது?"

"வரிசையா நிக்குதுங்க."

"அடுத்த வருசம் கூடையோட போலாம்."